கையைப் பின்னால் கட்டிக்கொண்ட டீச்சர்

வகுப்பு நடக்கும்போது டீச்சர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். முந்தானையை இடுப்பில் செருகி, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே மெல்ல நடப்பார். பிள்ளைகளின் கைகளெல்லாம் களிமண்ணிலும் பசையிலும் கிடக்கும். நான் படித்த காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாங்கள்தான். அதனால் இவரை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர், தலைமையாசிரியர் சார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இவர்கள் இரண்டு பேர்தான். சார் ஆபீஸ் வேலையாக உத்திரமேரூர் போய்விட்டால் ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் டீச்சர் பொறுப்பு. மானாம்பதி பஸ்ஸில் வந்து, ரோட்டில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்து வருவார். பையில் எப்போதும் ஏதாவது குப்பை இருக்கும். தீப்பெட்டி, பாட்டில் மூடி, கல்யாணப் பத்திரிகை, பழைய கொசுவலைத் துண்டு. பிள்ளைகள் அதைத் தரையில் கொட்டித்தான் கணக்கும் தமிழும் படித்தார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். மகளிர் குழு மூலமாக அந்தப் பள்ளியில் காலை உணவு சமைக்கிறேன். விடியலில் குளித்து, விபூதி இட்டு, முருகா என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன். பிள்ளைகள் சாப்பிடுகிற சாப்பாடு, நல்லபடியாக இருக்க வேண்டுமே. பரிமாறிவிட்டுப் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து பார்த்தால் வகுப்பின் ஜன்னல் நேர் எதிரே. அப்படித்தான் டீச்சரை நான் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசியது கொஞ்சம், ஜன்னல் வழியாகப் பார்த்தது நிறைய.

என்னோடு சமைக்கிற கஸ்தூரி அக்காவுக்கு ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே ஆகாது. "நம்ப கைல கொப்பளம், அந்த அம்மாவுக்கு கைய கட்டிக்கினு நடக்கறதுக்கு சம்பளம்" என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்வாள், காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. டீச்சருக்குக் காதில் விழுந்திருக்கும். அடுத்த நாள் வந்து அக்காவிடமே உப்புமாக் கரண்டியை இரவல் கேட்டார்.

ஒரு வாளித் தண்ணீர் எத்தனை கரண்டி என்று பிள்ளைகள் அளக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. ஒருத்தி கரண்டி வழிய வழிய மொண்டாள், ஒருத்தன் பாதி மொண்டான். நீ ஏமாற்றினாய், இல்லை நீதான் ஏமாற்றினாய் என்று ஒரே சண்டை. டீச்சர் வாயே திறக்கவில்லை. சண்டை போட்டுச் சண்டை போட்டு, கரண்டி வழிகிற வரைக்கும் மொள்ளணும், பாதி வழியில் சிந்தினால் திரும்ப மொள்ளணும் என்று பிள்ளைகளே ஒரு சட்டம் போட்டார்கள். அதற்குள் இங்கே கஸ்தூரி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. ஈரக் கையோடு ஜன்னல் அருகே போய், "எத்தினிதான் டீச்சர் புடிக்கும், நீங்களாச்சும் சொல்லுங்களேன்" என்றாள்.

"நான் இன்னும் அளக்கலக்கா" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அக்கா ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக் கரண்டியால் மொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

ஒரு தடவை அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். முந்தைய நாள்தான் பிள்ளைகள் ஏரிக் களிமண்ணில் மாடு, ஆடு, டிராக்டர் எல்லாம் செய்து ஜன்னல் மேடையில் காய வைத்திருந்தார்கள். அதில் ஒரு மாட்டுக்கு ஐந்து கால். சார் காலையிலேயே அதைப் பார்த்துவிட்டு, ஒரு காலைக் கிள்ளிவிடச் சொல்லிக் கெஞ்சினார். டீச்சர் தொடவில்லை, செய்தவன் வரட்டும் சார் என்றுவிட்டார். அவன் வருவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். அவர் கண்ணும் நேராக அந்த மாட்டின் மேலேயே போனது. இது என்னம்மா ஐந்து கால் என்று டீச்சரைத்தான் கேட்டார். டீச்சர் பின்னால் கட்டிய கையை எடுக்காமல், அப்போதுதான் வந்து உட்கார்ந்த பையனை முகவாயால் காட்டினார். அவன் எழுந்து நின்றான்.

"அது கால் இல்ல சார். பால் கறக்கறவன் கை. ஆளு செய்றதுக்கு மண்ணு பத்தல."

அதிகாரி சிரித்த சிரிப்பு சமையல் கூடம் வரைக்கும் கேட்டது.

இப்படியெல்லாம் எழுதுவதால் டீச்சருக்கு அது சுலபமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சில நாள் வகுப்பின் நடுவில் விடுவிடுவென்று எங்களிடம் வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நிற்பார். "கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன். அங்க இருந்தா கை தானா போயிடும்" என்பார். உள்ளே ஏதாவது ஒரு பிள்ளை கத்தரிக்கோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போராடிக்கொண்டிருக்கும். ஏன் டீச்சர் இப்படி உங்களை நீங்களே வருத்திக்கொள்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். தனக்குக் கோலம் போட வராது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இந்தப் பக்கத்தில் கோலம் போடத் தெரியாத பெண் உண்டா. அவருடைய அக்காவுக்குக் கை திருத்தமாம். வாசல் கோலமும் அவள்தானாம், இவருடைய பள்ளிக்கூடத்துப் படங்களும் அவள்தான் வரைந்து கொடுப்பாளாம். அதற்கு இவர் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறாராம். "அக்கா கல்யாணமாகிப் போன மறுநாள் வாசல்ல உக்காந்து அழுதேன்" என்று சொல்லி அவரும் சிரித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வள்ளிக்குப் பிறந்தபோதே இடது தோளில் நரம்பு அடிபட்டுவிட்டது. அந்தக் கை இடுப்புக்கு மேல் ஏறாது, விரல்கள் ஒரு பொருளைத் தொடும், இறுக்கிப் பிடிக்காது. பார்க்காத வைத்தியம் இல்லை. வீட்டில் அவளுக்கு எல்லாம் நாங்கள் செய்தோம். பொத்தான் போடுவது நான், செருப்பு மாட்டிவிடுவது அவள் அப்பா. அவளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால் டம்ளர் வாய்க்கு வந்துவிடும். அதனாலோ என்னவோ, அந்தப் பெண் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. காத்திருப்பாள், யாராவது செய்துவிடுவார்கள்.

டீச்சர் வகுப்பில் யாரும் செய்யவில்லை. மற்ற பிள்ளைகள் உதவிக்குப் பாய்ந்தாலும் தடுத்துவிடுவார். "கேட்டா புடி. கேக்காம புடிக்காத" என்பதுதான் அவருடைய சட்டம். வள்ளியும் கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அவள் செய்த பொருள்கள் பாதியில் நின்றன. சக்கரம் மட்டும் இருந்த வண்டி, வால் இல்லாத காத்தாடி. டீச்சர் அவற்றையும் மற்ற பிள்ளைகளுடையதோடு சேர்த்தே அடுக்கி வைத்தார். ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் கையில் இருக்கிற பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். இவருக்கு மனசு கல்லா என்றும் நினைப்பேன். மறு நிமிஷமே, சாமியும் இப்படித்தானே எல்லாம் தெரிந்தும் கையை நீட்டாமல் நிற்கிறார் என்று தோன்றும். இரண்டு நினைப்பும் மாறி மாறி வரும்.

வள்ளி மூன்றாவது படிக்கும்போது சந்தை நாள் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் கடை போட வேண்டும். வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து நிறுத்து விற்க வேண்டும். வாங்குகிறவர்கள் பெற்றோர்கள், காசுக்குப் பதில் புளியங்கொட்டை. தராசு மட்டும் அவரவர் செய்ததாக இருக்க வேண்டும். இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு சவுக்குக் குச்சி, கொஞ்சம் சணல் கயிறு. ஓட்டை போடுவதை மட்டும் டீச்சர் செய்தார். நெருப்பு என் வேலை என்று சொல்லிவிட்டு, எங்கள் அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எல்லாக் கொட்டாங்குச்சியிலும் மூன்று மூன்று ஓட்டை போட்டுக் கொடுத்தார். அறை முழுக்கத் தேங்காய் கருகின வாசம். அதோடு மறுபடியும் கை பின்னால் போய்விட்டது.

அந்த வாரம் வள்ளியின் அப்பா உர மூட்டை இறக்கிவிட்டு அந்தப் பக்கமாக வந்தவர், மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வகுப்பு வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே வள்ளி கொட்டாங்குச்சியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, சணலின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறு முனையை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சணல் அறுத்து லேசாக ரத்தம். டீச்சர் இரண்டடி தள்ளிக் கையைக் கட்டி நின்றிருந்தார்.

வள்ளி அப்பாவின் குரல் கேட்டு நான் ஓடினேன்.

"இன்னா டீச்சர், புள்ள பல்லால கயித்த இய்த்துக்கினு கீது. நீங்க வேடிக்க பாத்துக்கினு கீறீங்க."

"நான் கட்டிக் குடுத்தா அது என் தராசுங்க. வெள்ளிக்கிழமை அவ எத வச்சி நிறுப்பா?"

"அவ ஒண்ணும் நிறுக்க வேணாம். ஓரமா உக்காந்து பாக்கட்டும்."

"உக்காந்து பாக்கறதுக்கு அவளுக்கு ஸ்கூல் எதுக்குங்க?" டீச்சர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வள்ளியின் அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"அதான் நானும் கேக்கறேன்" என்றார். "உத்திரமேரூர் இங்கிலீஷ் ஸ்கூல்ல ஆயாம்மா கீறாங்க. எல்லாம் பண்ணி உடுவாங்க. இந்த வாரம் முடியட்டும், திங்கக்கியம வேன்ல ஏத்திடறேன்."

சொன்னால் செய்கிற ஆள். அன்றே வேன் டிரைவருக்குப் போன் பண்ணிவிட்டார். நான் பேசிப் பார்த்தேன். நீ அங்கேயே சமைக்கிறாய், அதனால் அந்த அம்மாவுக்குப் பரிந்து பேசுகிறாய் என்று வாயை அடைத்துவிட்டார். வள்ளி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எல்லாம் செய்து விடுகிற இடத்துக்குப் போனால் நல்லதா கெட்டதா என்று எனக்கே தீர்மானமாகத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தராசு பாதியில் கிடப்பது மட்டும் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாக ஒரு சத்தம் கேட்டது. என் மகளின் குரல்தான், ஆனால் அப்படி ஒரு குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது செல்வி, ஏரிக்கரை ஓரம் இருக்கிற இருளர் வீட்டுப் பெண்.

"செல்வி, இங்க வா. இத்த புடி."

"எத்த?"

"இந்த முடிச்ச. வெரல மேல வையி. அங்க இல்ல, இங்க. நான் சொல்ற வரிக்கும் எடுக்காத."

"கை வலிக்குது, சீக்கிரம் கட்டு."

"வலிச்சா மாத்தி புடி. உட்டுடாத."

கஸ்தூரி அக்கா கழுவின தட்டை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் விடுவிடுவென்று எங்களிடம் வந்தார். தண்ணீர் கேட்கவில்லை. சுவரைப் பார்த்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் மரத்தடியில் சாக்கு விரித்துக் கடைகள் வந்துவிட்டன. கீரை, வெண்டைக்காய், பச்சை மிளகாய், எலுமிச்சை. தராசுகள் பிள்ளைகளின் கையில் கோணலும் மாணலுமாக ஆடின. ஒன்று அறுந்து விழுந்து மிளகாயெல்லாம் தரையில். வள்ளியைத் தேடினேன். அவள் மரத்தடியில் இல்லை, வகுப்பு ஜன்னலுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தாள். தராசை ஜன்னல் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தாள். பிடிக்க ஒரு கை, போட ஒரு கை அவளுக்குக் கிடையாது. கம்பியை ஒரு கையாக ஆக்கிக்கொண்டாள். முன்னால் எங்கள் நிலத்து மல்லாட்டை, புதுசாகப் பிடுங்கின வேர்க்கடலை, ஒரு கூடை. நூறு கிராம் டீத்தூள் பாக்கெட்டுக்குச் சமமாக மணலைத் துணியில் கட்டி எடைக்கல்லும் வைத்திருந்தாள்.

அவள் அப்பாவும் வந்தார். சார் கொடுத்த புளியங்கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டு எல்லாக் கடையையும் பார்த்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்து நின்றார்.

"நம்ப நெலத்து மல்லாட்டைய எனுக்கே விக்கறியா?"

"வேணும்னா வாங்கு, வேணாம்னா தள்ளு நைனா, ஆளுங்க நிக்கறாங்க" என்றாள் வள்ளி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தராசையே பார்த்தார். ஒரு கொட்டாங்குச்சிக்கு அடியில், சணலோடு சேர்த்து ஒரு துருப்பிடித்த நட்டு கட்டியிருந்தது. எங்கள் மோட்டார் ரூமில் கிடந்த நட்டு.

நிலத்துக்கே வந்து கடலை வாங்குகிற வியாபாரிகளிடம் அவர் எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறார். தட்டுக்கு அடியில் எதையாவது ஒட்டி வைத்து எடையில் அடிக்கிற ஆட்களை அவருக்குத் தெரியும். அதே கண்ணோடுதான் அந்த நட்டைப் பார்த்தார். பின்னால் நின்ற யாரோ, பொண்ணு இப்பவே யாபாரி ஆயிடுச்சிபா, கள்ளத் தராசு என்று கேலி செய்தார்கள். வள்ளியின் முகம் சுருங்கிவிட்டது. நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் விளங்கிவிடும். அவர் சொல்லவில்லை. நான் நின்ற பக்கத்திலிருந்து அவர் முதுகு தெரிந்தது. பிடித்திருந்த மணிக்கட்டில் நகம் பதிந்திருந்தது.

வள்ளி மணல் கல்லை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் கடலையைப் போட்டாள். குச்சி ஆடி ஆடி நேரே நின்றது. அவள் அப்பா குனிந்தார். கல்லை எடுத்துக் கடலை இருந்த தட்டில் வைத்தார், கடலையை அள்ளிக் கல் இருந்த தட்டில் கொட்டினார். வியாபாரிகளிடம் அவர் வழக்கமாகச் செய்கிற சோதனை அது. தராசில் கள்ளம் இருந்தால் தட்டு மாற்றியதும் காட்டிக் கொடுத்துவிடும்.

குச்சி ஒரு பக்கம் சாய்ந்தது, மறு பக்கம் சாய்ந்தது. அவர் ஒரு கையை ஜன்னல் கம்பி மேல் ஊன்றியிருந்தார்.

"கம்பிய தொடாத நைனா. ஆடுது."

அவர் சட்டென்று கையை எடுத்தார். குச்சி மெல்ல மெல்ல அடங்கி, நேராக நின்றது.

அவர் நட்டை விரலால் தொட்டார். "இத்த எதுக்குக் கட்டன?"

"ரெண்டு கொட்டாங்குச்சியும் ஒரே கனம் இல்ல. கண்ணு கீற பக்கத்து ஓடு கனம். அதான் இந்தாண்ட நட்டு."

"டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அவங்க எங்க சொல்றாங்க. கேட்டா, நீ இன்னா நெனைக்கறன்னு என்னியே திருப்பிக் கேக்கறாங்க."

"யாரு கட்டனது?"

"நானு. செல்வி புடிச்சா. நான்தான் புடிக்க சொன்னேன்."

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து விரித்துப் பிடித்தார். வள்ளி கடலையை அதில் கவிழ்த்தாள். அவர் புளியங்கொட்டையை எண்ணி வைத்துவிட்டு, "இன்னொரு நூறு போடு" என்றார். டீச்சரிடம் போகவில்லை. துண்டை மடியில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டார். தன் நிலத்துக் கடலையைத் தானே வாங்கிக்கொண்டு போகிறார் என்று கஸ்தூரி அக்கா அடுத்த அறுவடை வரைக்கும் சொல்லிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை வேன் வந்து எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்தது. நான் அடுப்பைக் கஸ்தூரி அக்காவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருந்தேன். வள்ளியின் அப்பா நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து வெளியே போனார். இல்லப்பா, வேணாம், புள்ள இங்கியே படிக்குது, நீ போ என்று சொல்வது காதில் விழுந்தது. உள்ளே வந்து மறுபடியும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிச் சாமி முன்னால் நின்றேன். வள்ளி பிறந்த நாளிலிருந்து முருகனிடம் நான் கேட்டு வந்தது ஒன்றே ஒன்று, அந்தக் கையைச் சரியாக்கிக் கொடு என்று. அன்றைக்கு வாய் திறந்தபோது வேறு ஒன்று வந்தது. இந்த டீச்சருக்கு வேறு ஊருக்கு மாறுதல் போட்டுவிடாதே அப்பா, என் பெண் அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் இங்கேயே வைத்திரு என்று கேட்டேன். கேட்டு முடித்துக் கற்பூரம் அணைந்த பிறகுதான், கையைப் பற்றிக் கேட்க மறந்துபோனது ஞாபகம் வந்தது. திரும்பப் போய்க் கேட்கவில்லை.

முருகன் டீச்சரை, வள்ளி நாலாவது முடிக்கிற வரைக்கும் இங்கே வைத்திருந்தார். வள்ளிக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.